பச்சைக் கயிறு சுற்றிய சாவி

அதிகாரியின் அளவுக் கம்பு தண்ணீருக்குள் நாலடியில் முட்டி நின்றது.

ஆறடி வேண்டும். ஆற்றில் நீர் நன்றாக வற்றிய நேரத்திலும் வாசலில் ஆறடி ஆழம் இருந்தால், படகுகள் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் போய்வரும் எங்கள் மதகு பிழைக்கும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு நிரந்தரமாக மூடிவிடுவார்கள். உள்ளே கால்வாயில் பதினோரு படகுகள் கட்டிக் கிடக்கின்றன. பதினொன்றிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மதகுக்காரியான எனக்குக் கொடுத்த வீடும் மதகோடு போய்விடும்.

"இன்னொரு தடவை விட்டுப் பாருங்க சார்," என்றேன்.

"மூணு தடவை விட்டாச்சு மேடம்."

தூர்வாரும் படகுக்காரன் நெவில் என் பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். "இன்னிக்கு ராணியோட கப்பலையே உள்ள விடலாம், ஐவி," என்று காலையில்தான் பீற்றிக்கொண்டிருந்தான்.

இங்கிலாந்தில் எங்கள் டிரென்ட் ஆறு இப்படித்தான். கடல் எங்கோ இருக்கிறது, ஆனாலும் அதன் ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஆற்றில் ஏறி வந்து எங்கள் வாசலில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போகும். அந்தச் சேற்றை அள்ளி, கீழே இரண்டு மைலில் உள்ள வளைவுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே காத்திருந்து, நீர் இறங்கத் தொடங்கிய பிறகு கொட்ட வேண்டும். வேறு எங்கே கொட்டினாலும் அடுத்த ஏற்றத்தில் அது வந்த வழியே திரும்பிவிடும். இந்த ஆற்றில் படகு ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நெவில் மூன்று வாரமாக அள்ளினான்.

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி. மேலேருந்து வந்த வண்டல்," என்றான்.

நான் நம்பினேன். தினமும் என் சமையலறையில் வந்து உட்காரும்போது அவன் உள்ளங்கை கொப்புளம் கொப்புளமாக இருக்கும். டீயும் இஞ்சிக் கேக்கும் கொடுப்பேன். அவன் உட்கார்ந்தது ராயின் நாற்காலி. என் கணவர் இறந்த இந்த நான்கு வருடத்தில் அதில் வேறு யாரையும் நான் உட்காரவிட்டதில்லை.

அதிகாரிக்குத் திருப்தி இல்லை. மதகின் மதிலுக்கு அந்தப் பக்கம், என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தண்ணீருக்கு அடியில் ஒரு மேடு தட்டுப்படுவதாகச் சொன்னார். சின்ன இரும்பு வாளியை அங்கே இறக்கி ஒரு வாய் அள்ளினார்.

சேற்றுக்கு நடுவே ஒரு மதகுச் சாவி இருந்தது. கதவுப் பலகையைத் தூக்கச் சுழற்றுகிற இரும்புச் சாவி.

"யாரோ கைதவறிப் போட்டிருக்காங்க," என்று அதை அலசி என்னிடம் நீட்டினார்.

கைப்பிடியில் பச்சைக் கயிறு சுற்றியிருந்தது. பனிக்காலத்தில் வழுக்குகிறது என்று ராய் சுற்றியது.

சாவதற்கு முந்தின வருடம் அதை அவர் தண்ணீரில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் புலம்பினார். தூர்வாரத் தொடங்கிய முதல் நாளே அது மேலே வந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் இல்லை. ராயின் சாம்பலை அந்த வளைவில்தான் கரைத்தோம். இதுவும் அவரிடமே போகட்டும் என்று நெவிலிடம் கொடுத்தேன்.

தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டான். அன்றைக்கே வந்து, "என் கையால போட்டேன் ஐவி. ரெண்டு நிமிஷம் நின்னுட்டுத்தான் வந்தேன்," என்றான். நான் அழுதேன். தோளைத் தட்டிக்கொடுத்தான்.

இரும்பு நீந்தாது. இரண்டு மைல் ஆற்றில் ஏறி வந்து என் மதிலோரம் படுத்துக்கொள்ளாது.

"நீ வளைவுக்குப் போகவே இல்ல," என்றேன். "ஒரு நாள்கூட."

நெவில் மறுக்கவில்லை. அதிகாரிக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"அங்க போய்க் காத்துக் கெடந்தா, மூணு மணிக்கு உன் வீட்டுக்கு எப்படி வர்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு குடும்பத்தை உள்ளே வைத்து அடைத்துவிட்டு, செத்தவர் பெயரில் பொய்யும் சொல்லிவிட்டு, அதையெல்லாம் எனக்காகச் செய்ததாக நீட்டுகிறான். அறைவதற்குக் கை ஓங்கினேன். கையில் சாவி இருந்தது. இறக்கிக்கொண்டேன்.

அதிகாரி மதகின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, இன்று நீர் ஏறி இறங்கும் நேரங்களைத் தன் தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

பலகையில் இருப்பது என் கையெழுத்து. பதினெட்டு வருடமாகத் தினமும் காலையில் சாக்பீஸ் எடுத்து நான்தான் எழுதுகிறேன். ஏற்றமும் இறக்கமும் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வளைவில் காத்திருந்து கொட்டிவிட்டு இன்று மூன்று மணிக்கு வருகிறவன், நாளை கிட்டத்தட்ட நான்கு மணிக்குத்தான் வர முடியும். அடுத்த நாள் அதற்கும் பிந்தும்.

நெவில் மூன்று வாரமும் மூன்று மணிக்கே வந்தான்.

நானும் இரண்டே முக்காலுக்கெல்லாம் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன்.