அச்சு அசலாக

பாய்லர் வெடித்து, மேஸ்திரியாக இருந்த என் கணவர் இருதயராஜ் இறந்தபின், சாயப்பட்டறை நிர்வாகம் அவர் குரலிலேயே பேசும் இயந்திர மேஸ்திரியைச் செய்தது. அவர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் என்று மேலாளர் முரளிதரனுக்குத் தெரியும்.

"அச்சு அசலா அவரு மாதிரியே பேசணும்மா. நீங்கதான் பழக்கிக் குடுக்கணும்."

ஒப்புக்கொண்டேன். அவர் சிரிப்பு, கோபம், கடைசியாகச் சாப்பிடும்போது என்னிடம் சொன்னது என எதையும் விடாமல் அதற்குச் சொன்னேன்.

இயக்கிவைத்த அன்று முரளிதரன், "ராஜு, இன்னைக்கு ரெண்டு ஷிப்ட்டுன்னு நம்ம ஆளுங்ககிட்ட சொல்லுப்பா" என்றார்.

ஒலிபெருக்கியில் என் கணவரின் குரல் வந்தது.

"பாய்லர் ஒழுகுது, நிறுத்துங்கன்னு அன்னைக்கே கெஞ்சினேன் சார். ஓட்டுறியா, வீட்டுக்குப் போறியான்னீங்க. டேய் மாப்ளைகளா, மெஷினை நிறுத்துங்கடா!"

ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. முரளிதரன் என்னைப் பார்த்தார்.

"அச்சு அசலா இருக்கா சார்?" என்றேன்.