மூன்று தலை குறைந்த மாவட்டம்

மக்களாட்சியின் உயிர், வகுத்தல் கணக்கின் மீதியில் இருக்கிறது. இந்த மாபெரும் உண்மையைப் பேராசிரியர் அடிக்கோலால் முதுகைச் சொறிந்தபடி எடுத்துரைத்தார்.

சேற்றை மிதித்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்திருந்த மச்சினனுக்கு அது ஏறவில்லை.

"அத்தான், இடத்தைப் பங்கு போட நீங்க சர்க்காருக்கு எழுதிக் குடுத்த சூத்திரத்தாலதான் சட்டசபையில நம்ம மாவட்டத்துக்கு ஒரு இடம் போச்சு. அதுல நிக்கத்தான் நான் போஸ்டரே அடிச்சு வெச்சிருக்கேன்!"

"சூத்திரத்துக்கு மச்சினன் கிடையாதுப்பா. ஒரு இடத்துக்கு இத்தனை பேர்னு ஒவ்வொரு மாவட்டத்து ஜனத்தொகையையும் வகுத்தா, மீதி எவனுக்குப் பெருசோ, கடைசி இடம் அவனுக்கு. பக்கத்து மாவட்டத்துக்குப் பெருசா இருந்துச்சு."

"எவ்வளவு பெருசு?"

"மயிரிழைதான். நம்ம பக்கம் இன்னும் மூணு தலை இருந்திருந்தா இடம் நமக்குத்தான். யாரோ மூணு பொறுப்பத்த ஜென்மங்க கணக்குல சேராம இருந்துடுச்சுங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

மச்சினன் தன் சேற்றுக் காலைப் பார்த்தான். அடுக்களை வாசலில் நின்ற பேராசிரியரின் மனைவி பக்கம் திரும்பினான். "அக்கா, வாசக்கதவு எப்பலேருந்து வெளிப்பக்கம் பூட்டிக் கிடக்கு?"

"உங்க அத்தான் சூத்திரம் எழுத உக்காந்த நாள்லேருந்து. யாரும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதாம். ஜனத்தொகை கணக்கெடுக்க வந்த பொண்ணுகூட பூட்டை ஆட்டிப் பாத்துட்டு, ஆளில்லாத வீடுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டா. நான் குரல் குடுக்கப் போனேன், உஷ்ஷுன்னு வாயை அடைச்சுட்டார்."

பேராசிரியர் அடிக்கோலை மெல்ல மேசைமேல் வைத்தார்.

அவர், மனைவி, மகள். அந்த வீட்டில் மூன்று பேர்.