முப்பத்தொன்றுக்கு முப்பது

காலை ஏழு பத்துக்கு டப்பா லாரி வந்தது. டிரைவர் நீட்டிய காகிதத்தில் பன்னிரண்டு கட்டங்கள்: எண்ணிக்கை, ஈரம், கீறல், இன்னும் என்னென்னவோ. வின்கோ மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

“படிச்சுப் பாக்க மாட்டீங்களா முதலாளி?”

“எப்பவும் அதே காகிதம்தானே? இறக்குப்பா.”

இறங்கியவை இரண்டு லட்சம் கறுப்பு டப்பாக்கள். ரொட்டியில் தடவும் பன்றிக்கொழுப்பு விழுதை வின்கோ கறுப்பு டப்பாவில்தான் விற்பான். அதில்தான் வெள்ளை விழுது எடுப்பாகத் தெரியும்.

லாரி போன கையோடு தபால் வந்தது, மறுசுழற்சிச் சங்கத்திலிருந்து. வீட்டுக் குப்பையில் சேரும் டப்பா, புட்டி, மூடி எல்லாவற்றுக்கும் கம்பெனிகள் கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் நவம்பரில் அந்தக் கம்பெனிகளே கூடி, ஓட்டுப் போட்டு, அதை மாற்றும்.

இந்த முறை கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மூன்று மடங்கு. குப்பை பிரிக்கும் இயந்திரத்தின் கண்ணுக்குக் கறுப்பு தெரிவதில்லையாம். ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு முப்பது.

சூப்பர் மார்க்கெட்டோடு பேசிய விலை அடுத்த டிசம்பர் வரை மாறாது. இருக்கும் பதினோரு ஆட்களில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினால்தான் தொழில் தாக்குப்பிடிக்கும்.

ஒரே ஒரு ஓட்டு. அது யாருடையது என்று வின்கோவுக்குத் தெரியும். தெருக்கோடியில் அதே விழுதைக் கண்ணாடிப் புட்டியில் விற்கும் பொகோமீர். கூட்டம் முடிந்த நாளிலிருந்து போனை எடுக்காதவன்.

வின்கோ ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தான்.

பொகோமீர் புட்டிகளுக்குக் கறுப்பு மூடி திருகிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. டப்பா அவன் நெஞ்சில் பட்டு விழுந்தது.

“சந்தோஷமாடா? என் கம்பெனியை இழுத்து மூடணும், அதானே உனக்கு?”

“காலங்காத்தால வந்து குலைக்காதே. போ.”

“மூணு நாளா போனை ஏன் எடுக்கலை? பேச மூஞ்சி இல்லை, இல்ல?”

“உன் குரலைக் கேட்டாலே குமட்டுது.”

வேலை செய்துகொண்டிருந்த பெண் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

“எங்க வீட்டுல பன்னி அறுக்கிற அன்னிக்குத்தான் லுப்லியானாவுல கூட்டம் வெச்சானுங்க. வீடு நிறைய ஆளு, கையெல்லாம் கொழுப்பு. அந்த அவசரத்துலயும் என் ஓட்டுக் காகிதத்தை நிரப்பி, கவர்ல ஒட்டி, உன்னை நம்பிக் கொடுத்தனுப்பினேன். நாலு முழம் சாசேஜும் கொடுத்தேன். தின்னுட்டு என் கழுத்தை அறுத்துட்டே.”

“கவரை நான் பிரிக்கலை. அப்படியே அங்க கொடுத்தேன்.”

“உன் ஓட்டைக் கேக்கறேன்டா, நாயே!”

“இன்னொரு தடவை நாயேன்னு சொன்னா வாயில பல்லு இருக்காது.”

பொகோமீர் கையைத் துடைத்தான். கீழே கிடந்த டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தான். பக்கத்தில் தன் மூடி ஒன்றை வைத்தான்.

“இதுவும் கறுப்பு. இதுவும் பிளாஸ்டிக். இதுக்கும்தான் மூணு மடங்கு. நான் ஆதரிச்சுப் போட எனக்கென்ன பைத்தியமா?”

வின்கோ மூடியைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான்.

“அப்போ அந்த ஒரு ஓட்டு யாரு?”

பொகோமீர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அவன் முகத்துக்கு நேராக விரித்தான். ஓட்டு எண்ணி முடித்ததும், வின்கோவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சங்கத்தில் கொடுத்தனுப்பியது. அடியில் வின்கோவின் கையெழுத்து. ஓரத்தில் கொழுப்பு படிந்த கட்டைவிரல் தடம். ஒன்பது தீர்மானங்கள், ‘ஆதரவு’ என்ற கட்டங்களின் ஊடே மேலிருந்து கீழாக ஒரே கோடு.

“என்னைக் கவுக்கறதுக்கு உன் டப்பாவையே பலி கொடுத்தியே, அப்படி என்னடா செஞ்சேன் உனக்கு?”