மலையைப் பிரித்த நாள்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிஞ்சியிருக்கும் ஒரே பல்லும் இன்றே விழட்டும்.

அந்த மொட்டை மலைக்குள் கல்நார் இருக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றவர், இயந்திரத்தால் துளை போடும் டிரில்லர் மட்டும்தான். கூரைத் தகடு செய்கிற, நெருப்புக்கும் அசையாத கல்நார்.

நான்கு துளை போட்டாயிற்று. நான்கிலும் வெறும் கல். ஐந்தாவதும் பொய்த்தால் கூடாரத்தைச் சுருட்டச் சொல்லிவிட்டது கம்பெனி.

கம்பெனியைக்கூடச் சமாளிக்கலாம். உதவியாளாகக் கூட வந்திருந்த மச்சினன் வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. மலையைக் கெல்லி மாமா எலியைக்கூடப் பிடிக்கவில்லை என்று போன வாரமே அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்.

ஐந்தாம் துளையிலிருந்து, இயந்திரம் அறுத்தெடுத்த உருளை வடிவக் கல் வெளியே வந்தது. டிரில்லர் அதைக் கழுவினார். பச்சைக் கல்லின் குறுக்கே பட்டுபோல ஒரு வெள்ளைக் கோடு.

நகத்தால் கீறி, பஞ்சாகப் பிரிகிறதா என்று பார்ப்பது தொழில் வழக்கம். பிரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

சந்தோஷத்தில் மனிதர் எடுக்க மறந்து இழுத்துவிட்டார்.

ஒரு முழம் வந்தது. பத்து முழம் வந்தது. இழையின் மறுமுனை இன்னும் துளைக்குள்ளேதான் இருந்தது.

"மாமா, விட்டுடாதீங்க. இது அறுந்துச்சுன்னா அக்கா மூஞ்சில நாம ரெண்டு பேருமே முழிக்க முடியாது" என்று மச்சினன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தான்.

சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். லாரி டிரைவர் வந்தார். இன்ஜினீயர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

பின்னிய ஸ்வெட்டரில் நூல் உருவுவதுபோல, மலை உச்சியிலிருந்து வரிசை வரிசையாகப் பிரிந்தது. வெடி இல்லை, கடப்பாரை இல்லை. பாறைகள் பிடி தளர்ந்து மரியாதையாக ஓரமாய் உருண்டன. உச்சியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மலையோடு மெல்ல இறங்கியது. தரை மட்டம் வந்தது, அதற்கும் கீழே போனது, அசைபோடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வெள்ளைப் பஞ்சு எல்லார் மீசையிலும் மூக்கிலும் அப்பியது. யாரும் தட்டிவிடவில்லை. தும்மிக்கொண்டே இழுத்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் மலை இருந்த இடத்தில் படிப்படியாக இறங்கும் பெரும் பள்ளம். பக்கத்தில் மலையுயர நூல்கண்டு. கல்நார் கிடைத்தாலும் சுரங்கத்தைத் தோண்டி முடிக்கவே பத்து வருஷம் என்று படம் வரைந்து வைத்திருந்த இன்ஜினீயர், டிரில்லரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மச்சினன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி வந்தான்.

"மலையைக் கெல்லி மலையையே பிடிச்சுட்டீங்களே, மாமா."

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: இயந்திரத்துக்கு டீசல் வந்து சேராததால், ஐந்தாவது துளையைக் கடைசிவரை போடவே இல்லை.