ஆத்தாளின் உத்தரவு

"செவப்புதாம்மா வந்திருக்குது. ஆத்தா இப்ப போவ வேணாங்கறா," என்றார் பூசாரி.

பார்வதம்மா குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு வந்தது இது இரண்டாவது முறை.

குடியாத்தத்தில் அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். ஊருக்குப் போய்விட்டுச் சுரங்க வேலைக்குத் திரும்பிய ஆள்தான் வந்து சொன்னான். "உன் பேரத்தான் சொல்லிக்கினு இருக்குது. சீக்கிரம் போய்ப் பாத்துடும்மா."

ஆனால் பார்வதம்மாவின் புருஷன் காத்தவராயன் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் செய்யமாட்டான். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை இன்னொரு இலையிலும் அவனே மடித்துக் கட்டி, மாரியம்மன் காலடியில் வைப்பான். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது.

அவள் கல்யாணமாகி சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்கு வந்த புதிதில் அவன் இப்படி இல்லை. சம்பளம் கைக்கு வந்தால் சாராயக்கடைக்குப் பின்னால் சீட்டாட உட்கார்ந்துவிடுவான். துடைத்துப் போட்ட பிறகுதான் எழுந்திருப்பான். அவள் காதில் கிடந்த கம்மல்கூட அங்கேதான் போனது.

ஒருநாள் என்ன தோன்றியதோ, அம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்து சத்தியம் செய்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் சீட்டைத் தொடவேயில்லை.

"காத்தவராயனாட்டம் பக்தி யாருக்கு வரும்? நீ குடுத்து வெச்சவ," என்பார்கள் லைன் வீட்டுப் பெண்கள்.

கொடுத்து வைத்தவள்தான். ஆனால் அவன் கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கிப் போய்விட்டால் அந்தத் தட்டி வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. மேலே வந்தாலும் குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்விடுவான். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது குடியாத்தத்தில் கிடந்த அந்த ஓர் உயிர்தான்.

"பூ கேக்காமயே போய்ட்டு வந்துடறனே," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"ஆத்தா வேணாம்னப்பறம் நா இன்னா பண்ண முடியும்?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஷிப்ட் முடிந்து வர நேரமாகிவிட்டது. பூஜையை முடித்துவிட்டுப் பூசாரி காத்திருந்தார்.

"இன்னிக்கு நீயே கட்டி வெய்யும்மா," என்றார்.

பார்வதம்மா முதல் இலையில் வெள்ளைப் பூவை மடித்தாள். இரண்டாவதற்கு சிவப்பை எடுத்தாள். கை அப்படியே நின்றது. சிவப்பைக் கீழே போட்டுவிட்டு, இன்னொரு வெள்ளையை எடுத்து வைத்து அவசரமாக நாரைச் சுற்றினாள்.

காத்தவராயன் ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் நின்றான்.

பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "வெள்ளை. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. போய்ட்டு வாம்மா."

மற்றதை அவர் தொடுவதற்குள் பார்வதம்மா எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காத்தவராயனும் ஸ்டேஷன் வரைக்கும் வந்தான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டுப் போய் நின்றால் அம்மாவின் உயிர் தங்குமா?

"நா பாவம் பண்ணிட்டேன். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் வெச்சேன்," என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"எத்தினி வருசம் சீட்டாடுனவன். கள்ளத்தனம் பண்ற கை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் பூசாரி கிட்ட சொல்லல?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தான்.

"பெத்தவள பாக்க வேணாமா நீ," என்றான். "சீக்கிரம் வந்துடு. நாலு நாளு கழிச்சா சம்பளம் வந்துடும். நீ வூட்ல இல்லாட்டி என் காலு எங்க போவும்னு பயமா கீது," என்றான்.

அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்களின் மேல் கையை வைத்தாள்.

"பயப்படாதீங்க. தொணைக்கு ஆத்தா இருக்கறா இல்ல?"

வண்டி நகர்ந்தது. கம்பியை விடாமல் அவனும் கூடவே நடந்தான்.

"ஆத்தாள நம்பியிருந்தா, முந்தி ரெண்டு வாட்டியும் ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பையே வெச்சுக் கட்டியிருப்பனா, பார்வதி?"