துத்தநாகத் தூளும் தண்ணீரும்

"பெயிண்ட் தொழில்ல இருக்கற யாருக்குமே இதுதாங்க முதல்ல தோணும்" என்று சாட்சிக் கூண்டிலிருந்து லொரெய்ன் சொன்னாள்.

வழக்குத் தொடுத்த எட்வின் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

கிளீவ்லாந்து நீதிமன்றத்தில் நடப்பது அவனுடைய காப்புரிமை வழக்கு. பாலத்து இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு, அவன் கண்டுபிடித்தது. பெரிய கம்பெனி ஒன்று அதையே தயாரித்து விற்கிறது. லொரெய்ன் அந்தக் கம்பெனி தரப்புச் சாட்சி. யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதான் என்று நீதிபதி சொல்லிவிட்டால் காப்புரிமை போச்சு. ஏரிக்கரையில் இருக்கும் அவனுடைய சின்னப் பட்டறைக்கும் பூட்டுதான்.

பொய் சொல்கிறாளே, பாவி!

அந்தப் பூச்சுக்காகத் துத்தநாகத் தூளைத் தண்ணீரில் கலந்து வைத்தால் வாயு கிளம்பி, டப்பா மூடி கூரைக்குப் பறக்கும். அவன் டப்பாவைத் தொடும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் இவள்தான். அதே பட்டறையில் அவனோடு ஏழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவள். கண்ணாடி நாருக்குப் பூசும் கரைசலை அந்தத் தூளுக்கும் பூசிப் பார்த்த பிறகுதான் மூடி அடங்கியது.

இடைவேளையில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் அவளை மறித்தான். "மனசைத் தொட்டுச் சொல்லு லொரெய்ன். அப்ப உனக்குத் தோணிச்சா?"

கம்பெனி கொடுத்த காசுக்குச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால்கூடப் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அவள் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தாள். "சத்தியமா ஞாபகம் வரமாட்டேங்குது எட்வின். எப்படி யோசிச்சாலும் நேரா அந்தக் கரைசல்லதான் போய் நிக்குது."

பொய்யில்லை. முகத்திலேயே தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் அவனுடைய வக்கீல் உடைத்திருப்பார்.

இடைவேளை முடிந்ததும் எட்வினைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தேனொழுகக் கேட்டார். தூளும் தெரிந்த சரக்கு, கரைசலும் தெரிந்த சரக்கு, இரண்டும் உங்கள் அலமாரியிலேயே இருந்திருக்கின்றன. சேர்த்துப் பார்க்க அப்படி என்ன தடை?

தடை இருந்தது. மலைபோல இருந்தது. எட்வின் வாயைத் திறந்தான்.

நீதிபதி பேனாவோடு காத்திருந்தார்.

உள்ளே எவ்வளவு துழாவியும் அந்த மலை அகப்படவில்லை. உள்ளங்கை நெல்லிக்கனியாகப் பூச்சுதான் இருந்தது. தூள், கரைசல், அவ்வளவுதானே? முதல் நாளே ஊற்றிப் பார்த்திருக்கலாமே?

ஏழு வருடம் என்னதான் கிழித்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.