ஆயிரத்து நாற்பத்து மூன்றாவது பெயர்

கடைசித் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவுக்கு நடந்த அநியாயம் இதுதான்: ஆறு வருஷமாக அந்த ஊரில் குடியிருக்கிறார். ஊர்ப் பதிவேட்டில் அவர் இல்லை.

மாவட்டத்தின் மக்கள்தொகையைச் சரிபார்க்க, பல்கலைக்கழகத்திலிருந்து எங்களை ஆளுக்கொரு ஊராக அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கொடுத்த ஊரின் பதிவேட்டுக் கணக்கு ஆயிரத்து நாற்பத்திரண்டு. வீடு வீடாக ஏறி இறங்கினேன். எனக்கு ஒன்று கூடுதலாக வந்தது.

நேராக ஊர் எழுத்தர் முன்னால் போய் நின்றேன்.

"சார், உங்க கணக்குல ஒரு ஆள் குறையுது."

"ஆயிரத்து நாற்பத்து மூணுல ஒண்ணுதானே தப்பு? உன் பரீட்சையில இவ்வளவு மார்க் வாங்கினதுண்டாம்மா?" என்று சிரித்தார்.

"தையல்கார அக்கா பேரு ஏன் இல்ல?"

சிரிப்பு நின்றது. "விட்டுப்போச்சு."

"ஆறு வருஷமாவா? அவங்களுக்கு ஓட்டு இல்ல, ஆஸ்பத்திரி அட்டை இல்ல. தனியா இருக்கிற பொம்பளை, கேட்க நாதியில்லன்னு நினைச்சீங்களா?"

"இதை இப்படியே விட்டுரும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

விட்டுவிடுவதற்கா இத்தனை வருஷம் படித்தேன்?

அக்காவிடம் போனேன். "எனக்கு ஒண்ணும் வேணாம் கண்ணு. இப்படியே நல்லாத்தான் இருக்கேன்" என்றார். எழுத்தருக்குப் பயப்படுகிறார் என்று நானே முடிவு கட்டினேன். அறுந்த பை வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக வயசு, அப்பா பெயர், முன்னால் இருந்த ஊர் எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். அன்றைக்கே மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று பக்கப் புகார் பறந்தது.

விசாரணையில் அதிகாரி கேட்டபோதும் எழுத்தர் அதையேதான் சொன்னார்: "விட்டுப்போச்சு சார்."

"பொய்!" நான் எழுந்தே விட்டேன். "வேணும்னே விட்டிருக்கார்."

எழுத்தர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல் மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் நான் தோழிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பத்தாவது நாள் பெயர் ஏறிவிட்டது. சான்றிதழை நானே வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அக்கா வீட்டு வாசலில் ஒரு சுமைவண்டி. மெஷினை அதில் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் எழுத்தர்.

"அக்கா, இனிமே நீங்களும் இந்த ஊர்க்காரங்க!"

நீட்டிய காகிதத்தை அவர் வாங்கவில்லை. "பழைய ஊருக்கும் தகவல் போயிருச்சாமே?"

"ஆமாக்கா. இங்க பேரை ஏத்தினா அங்க நீக்கணும்ல? எந்த ஊருக்குப் போயிருக்கீங்கன்னு எழுதி, அங்க அலுவலகப் பலகையில ஒட்டிடுவாங்க. அதான் முறை." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அந்தப் பலகைக்கு எதிர்லதான் என் வீட்டுக்காரர் கடை."

நீட்டிய காகிதத்தைத் தாழ்த்தினேன்.

"ரெண்டு தடவை என்னைக் கொளுத்தப் பார்த்தாரு. தப்பிச்சு இங்க வந்த அன்னைக்கே இந்த அண்ணன் காலைப் பிடிச்சேன். என் பேரை எங்கயும் எழுதிடாதீங்க, காரணத்தையும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு."

எழுத்தர் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிவிட்டு, பெட்டியை எடுக்க உள்ளே போனார்.

"அக்கா... மன்னிச்சிருங்க. எந்த ஊருக்குப் போறீங்க? நான் வேணும்னா கூட வந்து..."

அக்கா வண்டியில் ஏறி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"வேணாம் கண்ணு. சொன்னா, அதையும் எழுதிடுவே."